வயிற்றில் காத்திருக்கும் கரு: வௌவால் தாயின் கர்ப்பக் கணக்கு

ஆடி பிறந்ததும் புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடும் வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் பாட்டிமார் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஆடியில் கரு உண்டானால் சித்திரையில் பிரசவம். கொளுத்தும் வெயிலில் பச்சைக் குழந்தையையும் பிள்ளை பெற்றவளையும் வைத்துக்கொண்டு யார் அவதிப்படுவது? பிரசவம் எந்த மாதத்தில் வர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணும் கணக்கு அது.

இதே கணக்கை வௌவாலும் போடுகிறது. ஆனால் அதன் வழி வேறு. அது ஜோடி சேரும் நாளைத் தள்ளிப் போடுவதில்லை. ஜோடி சேர்ந்த பிறகு வயிற்றுக்குள் நடக்க வேண்டிய வேலையைத் தள்ளிப் போடுகிறது. சில இனங்களில் விந்தணு காத்திருக்கும். சிலவற்றில் கருவே மிதந்தபடி காத்திருக்கும். இன்னும் சிலவற்றில் கரு பதிந்துவிட்டு, 'இப்போது வேண்டாம்' என்று வளர்ச்சியை மெதுவாக்கிக்கொள்ளும்.

எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று அந்தச் சின்ன உடலுக்கு யார் சொல்கிறார்கள்? பதில், ரத்தத்தில் ஓடும் சில ஹார்மோன்கள். அவற்றில் பெரும்பாலானவை நம் உடலிலும் ஓடுபவைதான்.

ஒரே தாய், இரண்டு விதமான கர்ப்பம்

கொய்யா மரம் உள்ள வீட்டுக்காரர்களுக்கு இந்த வௌவாலை நன்றாகத் தெரியும். இரவில் வந்து பழத்தைக் கடித்து, பாதியைக் கீழே போட்டுவிட்டுப் போகுமே, அதுதான். குட்டை மூக்குப் பழந்தின்னி வௌவால் என்று பெயர். எடை ஐம்பது கிராமுக்கு அக்கம்பக்கம். ஆலமரத்தில் கூட்டமாகத் தொங்கும் பெரிய வௌவால் வேறு, இது வேறு. நெட்டிலிங்க மரத்தின் அடர்ந்த இலைகளுக்குள்ளும், பனை வகை மரங்களின் ஓலைக்குள்ளும், காய்க்குலைக்குள்ளும் ஒதுங்கும். ஆண் வௌவால் காம்புகளையும் தண்டுகளையும் கடித்துக் கடித்து ஒரு சின்னக் கூடாரமே அமைத்துவிடும். அதில் பல பெண் வௌவால்கள் வந்து தங்கும்.

இந்தியா முழுக்க வாழும் இந்த வௌவாலை வாரணாசியில் உள்ள பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் பேராசிரியர் அமிதாப் கிருஷ்ணாவும் அவருடைய ஆய்வு மாணவர்களும் பல ஆண்டுகள் கவனித்தார்கள். பெண் வௌவால் ஆண்டுக்கு இரண்டு முறை கர்ப்பம் தரிக்கிறது. முதல் கர்ப்பம் அக்டோபர் வாக்கில் தொடங்கி மார்ச் கடைசியில் பிரசவத்தில் முடிகிறது. பெற்ற கையோடு மறுபடி ஜோடி சேர்ந்து, இரண்டாவது குட்டியை ஜூலை வாக்கில் பெறுகிறது. ஒரு குட்டி மார்பில் பால் குடிக்கும்போதே அடுத்தது வயிற்றில் வளரத் தொடங்கிவிடும்.

இரண்டு கர்ப்பத்தின் நாட்களையும் எண்ணிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முதல் கர்ப்பத்துக்கு ஐந்து மாதம் ஆகிறது. இரண்டாவதற்கு நான்கு மாதம் போதுமானதாக இருக்கிறது. தாய் ஒன்று, குட்டியின் அளவும் ஒன்றே. அப்படியானால் அந்தக் கூடுதல் நாட்கள் எங்கே போயின?

2005-ல் வெளியான ஆய்வில் மீனாகுமாரியும் அமிதாப் கிருஷ்ணாவும் அதற்கு விடை சொன்னார்கள். முதல் கர்ப்பத்தில் கரு கருப்பையில் ஒழுங்காகப் பதிந்துவிடுகிறது. ஆனால் குளிர்காலத் தொடக்கத்தில் அதன் வளர்ச்சி ஆமை வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. கரு அழியவில்லை, கலையவும் இல்லை, வெறுமனே காத்திருக்கிறது. பிறகு வேகம் பிடித்து, மார்ச் கடைசியில் சரியாக வந்து சேர்கிறது. இரண்டாவது கர்ப்பத்தில் இந்த இடைவெளியே கிடையாது.

ஏன் இந்தத் தாமதம்?

வௌவால் குட்டி பிறக்கும்போதே பெரிதாக இருக்கும். தாயின் எடையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. அறுபது கிலோ பெண் ஒருத்தி பதினைந்து கிலோ குழந்தையைப் பெறுவதுபோல என்று நினைத்துப் பாருங்கள். அந்தச் சுமையோடு தினமும் இரவில் பறந்து இரை தேட வேண்டும்.

ஆனால் வௌவால் தாய்க்கு மிகக் கடினமான காலம் கர்ப்பம் அல்ல, அதற்குப் பிறகு வரும் பாலூட்டும் காலம்தான். குட்டி ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்து, இறக்கை பலப்பட்டு, தானே பறக்கும்வரை பாலை நம்பித்தான் இருக்கிறது. பறவைகளைப்போல் இரையை அலகில் கொண்டுவந்து ஊட்டும் வசதி இல்லை. தாய் தின்ற பழமோ பூச்சியோதான் பாலாக மாற வேண்டும். அந்த வாரங்களில் இரைக்குத் தட்டுப்பாடு வந்தால் தாய் மெலியும், பால் வற்றும், குட்டி செத்துவிடும். பெரும்பாலான வௌவால்கள் ஒரு பிரசவத்தில் ஒரே ஒரு குட்டிதான் ஈனும். பல இனங்களில் ஆண்டுக்கே ஒன்றுதான். ஒரு பிரசவம் தவறான மாதத்தில் வந்துவிட்டால் அந்த ஆண்டே வீண்.

எனவே பிரசவம் என்பது உணவு மலியும் மாதத்தில் வந்தாக வேண்டும். பழந்தின்னிக்கு அது பூவும் பழமும் பெருகும் மாதம். பூச்சி தின்னும் வௌவாலுக்கு மழை தொடங்கிப் பூச்சிகள் கிளம்பும் மாதம். குளிர் நாடுகளில் அது கோடைத் தொடக்கம்.

ஜோடி சேர ஏற்ற காலம் வேறாக இருக்கலாம். குளிர் நாட்டில் வௌவால்கள் கொழுத்து, திடமாக, கூட்டமாகச் சந்திப்பது இலையுதிர் காலத்தில். அதன் பிறகு மாதக்கணக்கில் தூக்கம். வசந்தத்தில் எழும்போது மெலிந்துபோய் இருக்கும். அப்போது போய் ஜோடி தேடி, நேரத்தை வீணாக்கினால் பிரசவம் பிந்திவிடும். எனவே ஜோடி சேர்வதை ஒரு நல்ல காலத்திலும், பிரசவத்தை இன்னொரு நல்ல காலத்திலும் வைத்துக்கொண்டு, நடுவில் மிஞ்சும் மாதங்களை வயிற்றுக்குள்ளேயே கடத்திவிடும் ஏற்பாடு உருவாகிவிட்டது.

காத்திருக்க மூன்று வழிகள்

முதல் வழி, விந்தணுவைச் சேமித்து வைப்பது. மனித உடலில் விந்தணு அதிகபட்சம் ஐந்து நாள் அளவுக்குத்தான் உயிரோடு இருக்கும். ஐரோப்பாவில் வாழும் நாக்டியூல் என்ற வௌவாலில் அது ஏறக்குறைய ஏழு மாதம் வரை தாங்குகிறது என்று பிரிட்டிஷ் ஆய்வாளர் பால் ரேசி 1970-களில் காட்டினார். இலையுதிர் காலத்தில் பெற்ற விந்தணுவைப் பெண் வௌவால் குளிர்காலத் தூக்கம் முழுக்கக் கருப்பையின் உட்சுவரை ஒட்டிப் பத்திரமாக வைத்திருக்கும். வசந்தத்தில் விழித்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும். அப்போதுதான் கர்ப்பமே தொடங்கும்.

இரண்டாவது வழி, கருவை மிதக்கவிடுவது. நீள்விரல் வௌவால் என்ற குகைவாசி இதற்குப் பேர்போனது. ஐரோப்பாவில் அது இலையுதிர் காலத்தில் ஜோடி சேர்ந்தவுடன் கருவும் உண்டாகிவிடும். ஆனால் சில செல்கள் கொண்ட பந்தாக வளர்ந்ததும் அந்தக் கரு கருப்பைச் சுவரில் ஒட்டாமல் அப்படியே மிதந்துகொண்டிருக்கும். குளிர்காலம் முடிந்த பிறகுதான் பதியும். குளிர் நீளும் இடங்களில் காத்திருப்பும் நீள்கிறது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க, இதன் சொந்தக்கார வௌவால்களில் காத்திருப்பு குறைந்துகொண்டே வருகிறது.

அதற்காக இது குளிர் நாட்டுச் சமாச்சாரம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். குளிரே இல்லாத உகாண்டாவில் வைக்கோல் நிறப் பழந்தின்னி வௌவாலை ஆராய்ந்த ஃபிராங்க் முட்டேரே, 1965-ல் ஆச்சரியமான ஒரு கணக்கை வெளியிட்டார். ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் ஜோடி சேரும் இந்த வௌவாலின் கரு, அக்டோபர், நவம்பர் வரை பதிவதே இல்லை. பதிந்த பிறகு நான்கே மாதத்தில், பிப்ரவரி, மார்ச் வாக்கில் குட்டி பிறக்கிறது. பார்ப்பவருக்கு ஒன்பது மாதக் கர்ப்பம். உண்மையில் வளர்ச்சி நடப்பது அதில் பாதிக்கும் குறைவான காலத்தில். அங்கே நேரத்தைத் தீர்மானிப்பது குளிர் அல்ல, மழை.

மூன்றாவது வழி, நம் ஊர்க் குட்டை மூக்கு வௌவால் செய்வது. கரு பதிந்த பிறகு வளர்ச்சியை மெதுவாக்குவது. பனாமாவில் ஜமைக்கா பழந்தின்னி வௌவாலிடம் இதே பழக்கத்தை தியோடர் ஃபிளெமிங் 1971-ல் பதிவு செய்தார். அதற்கும் ஆண்டுக்கு இரண்டு பிரசவம். அதிலும் ஒரு கர்ப்பத்தில் மட்டும்தான் தாமதம். கடல் கடந்து, வேறு குடும்பத்தைச் சேர்ந்த வௌவால் ஒன்று அதே விடையைத் தனியாகக் கண்டுபிடித்திருக்கிறது.

'நிறுத்து' என்று சொல்வது யார்?

கருமுட்டை வெளிவந்த இடத்தில் சினைப்பையில் ஒரு சின்ன மஞ்சள் நிறத் திசு உருவாகும். கார்பஸ் லூட்டியம் என்பார்கள். அது சுரப்பதுதான் புரோஜெஸ்ட்டிரோன். கருப்பைச் சுவரை மெத்தையாக்கி, கருவுக்கு ஊட்டம் போகும்படி செய்வது இதன் வேலை. கரு நிலைப்பதற்காகச் சில கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையிலும் ஊசியிலும் இருப்பது இதே வகை ஹார்மோன்தான்.

குளிர்காலத்தில் நீள்விரல் வௌவாலின் கார்பஸ் லூட்டியம் ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருக்கும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வசந்தத்தில் சுறுசுறுப்பானதும் அது விழித்துக்கொள்ளும். ரத்தத்தில் புரோஜெஸ்ட்டிரோன் ஏறும். மிதந்துகொண்டிருந்த கரு பதியும்.

குட்டை மூக்கு வௌவாலிலும் அதே கதைதான். முதல் கர்ப்பத்தின் தாமத நாட்களில் புரோஜெஸ்ட்டிரோன் குறைவாக இருக்கிறது. இரண்டாவது கர்ப்பத்தில் கரு அதே பருவத்தில் இருக்கும்போது அப்படி இல்லை. அடுப்பை அணைக்காமல், தீயை மட்டும் சிம்மில் வைப்பதுபோல. கருவைக் காப்பாற்றும் அளவுக்கு ஹார்மோன் இருக்கிறது, அதை வேகமாக வளர்க்கும் அளவுக்கு இல்லை.

சரி, அந்தத் தீயைக் குறைப்பது எது? வாரணாசி ஆய்வுகள் இரண்டு பக்கம் விரல் நீட்டின. ஒன்று இருட்டு, இன்னொன்று கொழுப்பு.

இருட்டின் தூதர் மெலட்டோனின். மூளையில் உள்ள பினியல் சுரப்பி இரவில் இதைச் சுரக்கிறது. இரவு நீண்டால் சுரக்கும் நேரமும் நீளும். உடலைப் பொறுத்தவரை இதுதான் நாட்காட்டி. 2009-ல் வெளியான ஆய்வில், கரு மெதுவாகும் குளிர்கால நாட்களில் இந்த வௌவாலின் ரத்தத்தில் மெலட்டோனின் உயர்ந்தும், புரோஜெஸ்ட்டிரோன் தாழ்ந்தும் இருப்பது தெரிந்தது. ஆய்வகத்தில் சினைப்பைத் திசுவுக்கு மெலட்டோனினை அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோதும் புரோஜெஸ்ட்டிரோன் சுரப்பது குறைந்தது.

கொழுப்பின் கதை இதைவிடச் சுவையானது. குளிர்காலம் நெருங்கும்போது இந்த வௌவால் உடம்பில் கொழுப்பைச் சேர்க்கிறது. கொழுப்பு என்பது மூட்டை கட்டி வைத்த சேமிப்பு மட்டுமல்ல, அதுவும் ஹார்மோன் சுரக்கும். அவற்றில் ஒன்று அடிப்போநெக்டின். சர்க்கரையைத் திசுக்கள் இழுத்துப் பயன்படுத்திக்கொள்ள இது உதவுகிறது. உடலில் கொழுப்பு கூடும்போது, எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக, இது குறையும்.

காத்திருக்கும் நாட்களில் கருவும் கருப்பையும் இந்த ஹார்மோனின் செய்தியைக் குறைவாகவே வாங்கிக்கொள்கின்றன என்பதை அமிதாப் கிருஷ்ணாவின் குழு கண்டது. பிறகு ஒரு சோதனை. தாமத நாட்களில் இருந்த வௌவால்களுக்கு அடிப்போநெக்டினை ஊசி மூலம் கொடுத்தார்கள். புரோஜெஸ்ட்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் ஏறின. கருவின் எடை கூடியது, வளர்ச்சி வேகமெடுத்தது. 2014-ல் வெளியான இந்த முடிவு, நின்ற வண்டியைக் கிளப்பும் சாவிகளில் ஒன்று இது என்பதைக் காட்டியது.

சேர்த்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் வரவு செலவுபோல் இருக்கிறது. குளிர்காலம் வரப்போகிறது, முதலில் சேமிப்பு என்று தாயின் உடல் முடிவெடுக்கிறது. சேமிப்பு நடக்கும் மாதங்களில் கருவுக்குப் படியளப்பது குறைகிறது. பிறகு கருவின் பங்கு அதற்கு முழுதாகக் கிடைக்கிறது.

குளிரும் பட்டினியும் நேரடியாகவே கர்ப்பத்தை நீட்டும். பால் ரேசி பிரிட்டனின் சின்ன பிப்பிஸ்ட்ரெல் வௌவால்களில் இதையும் சோதித்தார். கர்ப்பமாக இருந்தவற்றை இரண்டு வாரம் குளிரில் உணவின்றி வைத்தபோது அவை உடல் சில்லிட்டு மரத்த நிலைக்குப் போயின. கிட்டத்தட்ட அதே அளவு நாட்கள் பிரசவமும் தள்ளிப்போனது. நம் வீட்டில் பிரசவத் தேதியை மருத்துவர் குறித்துத் தருகிறார். வௌவாலுக்கு அந்தத் தேதியை மார்கழிக் குளிர்கூட மாற்றி எழுதும்.

பிசிஓஎஸ் உள்ள வௌவாலா?

வீட்டில் வளர்ந்த பெண் இருந்தால் பிசிஓஎஸ் என்ற சொல் காதில் விழாமல் இருக்காது. சினைப்பை நீர்க்கட்டி என்று பேச்சுவழக்கில் சொல்வது. ஆண் தன்மையுள்ள ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், ரத்தத்தில் அதன் அளவு ஏறும். பலருக்கு எடை கூடும். கருமுட்டை மாதாமாதம் வெளிவராமல் நின்றுவிடும். மாதவிலக்கு தள்ளிப்போகும், குழந்தைப்பேறும் தாமதமாகும்.

வட இந்தியக் கட்டடங்களின் இடுக்குகளில் வாழும் மஞ்சள் வீட்டு வௌவாலின் உடலில் ஒவ்வொரு குளிர்காலமும் கிட்டத்தட்ட இதேபோன்ற மாற்றம் நடக்கிறது. குளிருக்கு முன் கொழுக்கிறது. இன்சுலின் ஏறுகிறது. ஆண் ஹார்மோன் வகையைச் சேர்ந்த ஆண்ட்ரோஸ்டீன்டையோன் சினைப்பையிலிருந்து மிக அதிகமாகச் சுரக்கிறது. கருமுட்டைகள் முக்கால்வாசி தயாராகிவிட்டு, வெளிவராமல் நிற்கின்றன. ஜனவரி வாக்கில் ஜோடி சேர்ந்தாலும் கர்ப்பம் உண்டாவதில்லை. விந்தணு உள்ளே பத்திரமாக இருக்கும்.

மார்ச் மாதம் வந்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிடுகிறது. கொழுப்பு கரைந்திருக்கும், ஹார்மோன்கள் இறங்கியிருக்கும். கருமுட்டை வெளிவரும். மழை தொடங்கிப் பூச்சிகள் பெருகும் ஜூன், ஜூலையில் குட்டிகள் பிறக்கும்.

பெண்களுக்கு நோயாகத் தொல்லை தரும் அதே ஹார்மோன் மாற்றம், இந்த வௌவாலுக்குப் பருவம் அறிந்து கதவைச் சாத்தும் தாழ்ப்பாளாக இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். வௌவாலுக்குச் சாத்தவும் தெரியும், திறக்கவும் தெரியும். அது எப்படித் திறக்கிறது என்ற கேள்விதான் ஆய்வாளர்களை இந்த வௌவாலிடம் அழைத்து வந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ, புதிதாக எதையும் தொடங்கவோ கூடாது. வௌவால் உடலும் பெண் உடலும் ஒன்றல்ல. ஆனால் எடை, இன்சுலின், கருமுட்டை மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பதை இரண்டு உடல்களும் காட்டுகின்றன. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு உணவு, உடற்பயிற்சி பற்றி மருத்துவர்கள் முதலில் பேசுவது இந்தத் தொடர்பை வைத்துத்தான். 'சோம்பேறி, அதனால்தான் குண்டாகிவிட்டாள்' என்று பெண்ணைக் குறை சொல்லும் உறவினர்களுக்கும் இதில் சேதி உண்டு. ஹார்மோன் போடும் பூட்டு திட்டுவதால் திறக்காது.

கணக்கு தப்பினால்

இவ்வளவு நுணுக்கமான ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனமும் இருக்கிறது. நடுவில் யாராவது குலைத்தால் மறுபடி தொடங்க நேரம் கிடையாது.

வட அமெரிக்காவில் சின்னப் பழுப்பு வௌவால் விந்தணுவைச் சேமித்துவைத்துக் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் இனம். 2006-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குகையில் முதன்முதலில் பதிவான வெண்மூக்கு நோய், இந்தத் தூக்கத்தைத்தான் தாக்கியது. மூக்கிலும் இறக்கையிலும் படரும் பூஞ்சை, வௌவால்களை அடிக்கடி எழுப்பிவிடுகிறது. ஒவ்வொரு முறை எழும்போதும் உடலைச் சூடாக்கக் கொழுப்பு எரிகிறது. வசந்தம் வருவதற்கு முன்பே சேமிப்பு தீர்ந்து, லட்சக்கணக்கில் செத்து விழுந்தன. வயிற்றில் காத்திருந்த அடுத்த தலைமுறையும் கூடவே போனது. ஆண்டுக்கு ஒரே குட்டி என்பதால், இழந்த எண்ணிக்கையை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.

நம் ஊரில் அந்த நோய் இல்லை. ஆனால் தொந்தரவு உண்டு. பழத்தோட்டத்துக்கு எதிரி என்றும், நோய் பரப்பும் என்றும் கூடு கலைப்பதும் மரத்தை வெட்டுவதும் நடக்கிறது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் நெடுங்காலம் எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிரிகள் பட்டியலில் இருந்தன. 2022-ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது.

தமிழ்நாட்டில் சில கிராமங்களில் ஊர் ஆலமரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தாத்தா காலத்திலிருந்து வரும் கட்டுப்பாடு. அந்த வௌவால்கள் குட்டி ஈனுவது மாசி, பங்குனி வாக்கில். அப்படியானால் ஐப்பசியில் வரும் தீபாவளி அவற்றின் கர்ப்பகாலத் தொடக்கம். ஹார்மோன் என்ற சொல்லே இல்லாத காலத்தில் போட்ட கட்டுப்பாடு, சரியான மாதத்தில் வந்து நிற்கிறது.

இரவுப் பூக்களில் மகரந்தம் சேர்ப்பது, விதைகளைத் தூரமாகக் கொண்டு போடுவது என்று பழந்தின்னிகள் செய்யும் வேலைக்குச் சம்பளம் கிடையாது. இலுப்பை மரம் பூத்துக் காய்ப்பதற்குக் குட்டை மூக்கு வௌவாலின் வருகை முக்கியமானது. இலுப்பை பூப்பதும் இந்த வௌவாலின் முதல் குட்டி பால் குடிப்பதும் ஒரே பருவத்தில்தான். தாய் குளிர்காலத்தில் கருவை நிறுத்திவைத்துக் காத்திருந்ததன் பலன் அந்தப் பூக்களில் கிடைக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* நெட்டிலிங்கம், பனை, பாக்கு மரங்களின் காய்ந்த மட்டைகளைக் கழிப்பதற்கு முன், உள்ளே வௌவால் தொங்குகிறதா என்று கீழிருந்து பாருங்கள். இருந்தால் குட்டிகள் பறக்கும்வரை பொறுத்து வெட்டுங்கள். பங்குனி, சித்திரையும் ஆடி, ஆவணியும் குட்டிகள் உள்ள மாதங்கள்.

* வௌவால் கடித்துப் போட்ட பழத்தைத் தின்ன வேண்டாம். கீழே விழுந்ததைக் குழந்தைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிஃபா போன்ற வைரஸ் பயத்துக்கு இந்த எச்சரிக்கை நல்ல பதில். மரத்தை வெட்டுவது பதில் அல்ல.

* தரையில் விழுந்து கிடக்கும் வௌவாலையோ குட்டியையோ வெறுங்கையால் தொடாதீர்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

* கொய்யாவையும் சப்போட்டாவையும் காக்க வேண்டுமானால், காய் முற்றும்போது துணிப்பையோ காகிதப் பையோ கட்டலாம். இறக்கை சிக்கும் நைலான் வலையைத் தவிர்த்துவிடுங்கள்.

இந்த மார்கழி இரவில் கொய்யா மரத்தில் சலசலப்புக் கேட்டால் விளக்கைப் போட்டு விரட்ட வேண்டாம். அது பெண் வௌவாலாக இருந்தால், பங்குனியில் பிறக்க வேண்டிய குட்டி ஒன்று அதன் வயிற்றில் இருக்கும்.